விதானையாரும் கொன்ஸ்டபிளும்



நம்மவர் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் மட்டும் வாழ்ந்த காலம் போய்விட்டது. பெற்றோல் நிலையம், சிறு கடை, தொழிற்சாலை வேலை, குறைந்த விலைக்கு வீடு என்று பல காரணங்களால் கோபர்க், பெல்வில், லின்ட்சே, ஒரிலியா போன்ற சிறு பட்டினங்களிலும் நமது குடும்பங்கள் குடியேறி வருகின்றன. அங்கே பக்கத்து வீட்டில் தமிழர் இல்லை. அவசரத்துக்கு ஓடிவர மைத்துனரும் இல்லை. ஆபத்து என்றால் வரக்கூடிய முதல் ஆள் அவ்வூர்ப் பொலிஸ்காரர்தான். ஆகவே அவருடைய கடமை என்ன, பொறுப்பு என்ன, அவரிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை இம்முறை இப்பகுதியில் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நமது ஊரை நினைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் பொலிஸ் என்றால் பழைய தலைமுறையினருக்கு விதானையார்தான். சிலர் அவரைப் ‘பொலிஸ் விதானை’ என்றே அழைப்பார்கள். களவு போனால் அவரிடம் முறையிட வேண்டும். சந்தேகத்துக்குரிய மரணத்தை அவர் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். குற்றவாளியைப் பிடித்து ஒப்படைக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. ஆனால் அவருடைய நாளில் பெரும்பகுதியை விழுங்கியது வேலிச் சண்டையும் எல்லைத் தகராறும்தான். ஒரு முழத்துக் கதியால் வேலிக்காக இரு குடும்பங்கள் நீதிமன்றம் ஏறுவதை ஒரு வார்த்தையில் நிறுத்திய விதானைமாரும் இருந்தனர். உறவும் சாதியும் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்தவர்களும் இருந்தனர். 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவி ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் அவ்விடத்துக்கு வந்தார். அன்றோடு அந்த முறை முடிந்தது.

அதற்கு மேலே இருந்தது பொலிஸ் நிலையம். இலங்கையின் பொலிஸ் கட்டளைச்சட்டம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமாகும். அதன் 56ஆம் பிரிவு பொலிஸ்காரரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குற்றங்களையும் பொதுத் தொல்லைகளையும் இயன்ற முயற்சி எல்லாம் செய்து தடுத்தல், அமைதியைப் பேணல், குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்தல், சட்டப்படி வந்த ஆணைகளை நிறைவேற்றல் என்று அது செல்கிறது. எழுத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் நாம் கண்டது என்ன? 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் நடந்த அட்டூழியத்தில் பொது நூலகம் எரிந்தது. தீயைத் தடுக்க வேண்டிய சீருடைக்காரரே அன்று தீ வைத்தோருடன் நின்றனர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றில் சான்றாக்கியது. தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளின் கீழ் கையொப்பமிட்ட இளைஞர்கள் எத்தனை பேர் என்பதை நம்மிற் பலர் அறிவர்.

நமது மூத்தோர் பொலிஸ் வண்டியைக் கண்டதும் திரையை இழுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பயம் பேதைமையன்று, பட்டறிந்து வந்தது. ஆனால் ஒரு நாட்டில் பெற்ற பயத்தை இன்னொரு நாட்டில் ஆராயாமல் சுமந்து திரிந்தால், தேவைப்படும் நேரத்தில் உதவி கேட்கவும் நா எழாது.

இந்நாட்டு முறை எப்படி வந்தது என்று சுருக்கமாகக் காண்போம். லண்டன் மாநகரில் 1829இல் சேர் றொபேட் பீல் ஏற்படுத்திய பொலிஸ் முறையே இதன் மூலம். ரொறன்ரோ 1834இல் நகரமானபோதே தனக்கென ஒரு பொலிஸ் படையை அமைத்துக்கொண்டது. நாம் இன்று ஒரே நகரம் என்று நினைக்கும் ஸ்காபரோவுக்கு ஒரு காலத்தில் தனிப் பொலிஸ் இருந்தது. 1957 ஜனவரி 1ஆம் திகதிதான் ரொறன்ரோவையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த 13 படைகள் ஒன்றாயின. நாம் பிள்ளையாரைத் தரிசிக்கச் செல்லும் றிச்மண்ட் ஹில்லும், மார்க்கமும், நியூமார்க்கட்டும் அதுபோலத் தத்தமக்கெனச் சிறு படைகள் வைத்திருந்த ஊர்களே. 1971 ஜனவரி 1 முதல் அவை யோர்க் பிராந்தியப் பொலிஸ் ஆயின. சொந்தப் பொலிஸ் இல்லாத சிறு பட்டினங்களையும் கிராமங்களையும், 1909இல் தொடங்கப்பட்ட ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் கவனித்து வருகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அதன் காவலில் உள்ளன. நீங்கள் வாழும் பட்டினத்துக்குத் தனிப் பொலிஸ் உண்டா, மாகாணப் பொலிஸா என்பதை முதலில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2019இல் நிறைவேறிய புதிய பொலிஸ் சட்டம் 2024 ஏப்ரல் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊருக்குக் கிடைக்க வேண்டிய காவற்பணிகளை அது கூறுகிறது. குற்றத்தைத் தடுத்தல், சட்டத்தை நடைமுறைப்படுத்தல், பொது அமைதியைப் பேணல், அவசரத்துக்கு விரைதல், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு உதவுதல் ஆகியன அவை. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அடிபட்டவருக்கும் பொருள் இழந்தவருக்கும் கைகொடுப்பது அவர் மனம் வைத்துச் செய்யும் தயவன்று; சட்டம் சுமத்திய கடமை.

சிறு பட்டினத்துப் பொலிஸ்காரருக்கு இந்தக் கடமைகள் எல்லாம் ஒரே தோளில் விழுகின்றன. பெருநகரில் களவுக்கு ஒரு பிரிவு, மோசடிக்கு ஒரு பிரிவு, வீதி விபத்துக்கு ஒரு பிரிவு என்று உண்டு. சிறு ஊரில் இரவுக் கடமையில் இருப்போர் ஓரிருவராகவே இருக்கலாம். துணைக்கு ஆள் வரவேண்டுமானால் பல மைல் தூரத்திலிருந்து வரவேண்டும். பனிப்புயலில் 401ஆம் நெடுஞ்சாலையில் கார்கள் மோதினால் அவர்தான். வழிதவறிய முதியவரைத் தேடுவதும், மனம் குழம்பி உயிரை மாய்க்க நினைப்பவரிடம் மணிக்கணக்காகப் பேசி அமைதிப்படுத்துவதும் அவர்தான். விபத்தில் மகன் இறந்த செய்தியை நடுநிசியில் கதவைத் தட்டித் தாய் தந்தையரிடம் சொல்லும் மிகக் கொடிய கடமையும் அவருடையதே. மறுநாள் அதே தாய் தந்தையரை அவர் கடைத்தெருவில் சந்திப்பார்.

ஊராரை அறிந்திருப்பது சிறு பட்டினத்துப் பொலிஸின் பலம். எந்தப் பையன் வெறும் குறும்புக்காரன், எவன் கெட்ட வழியில் இறங்கிவிட்டான் என்பது அவருக்குத் தெரியும். சிறு தவறுக்கு வழக்குப் போடாமல் எச்சரித்து வீட்டில் விடும் உரிமையும் அவருக்கு உண்டு. அதுவே பலவீனமாகவும் மாறக்கூடும். தெரிந்தவனுக்கு எச்சரிக்கை, தெரியாத கறுவல் முகத்துக்கு வழக்கு என்று ஆகிவிட்டால், அது நம் ஊரில் சாதி பார்த்த விதானையாரின் நீதியே. வள்ளுவப் பெருந்தகை செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவு குறைவு.

விதானையாரின் வழக்கம் இங்கே செல்லாத இடம் ஒன்று உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஊரில் கணவன் மனைவியை அடித்தால் விதானையார் வந்து நாலு வார்த்தை ஏசிவிட்டு, “குடும்பமெண்டால் இப்பிடித்தான்” என்று சமாதானம் செய்து போவார். இங்கும் அப்படியே பொலிஸ் வந்து வெருட்டிவிட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அப்படி நடக்காது. குடும்ப வன்முறையில் நியாயமான ஆதாரம் இருந்தால் பொலிஸ்காரர் குற்றஞ்சாட்டியே ஆகவேண்டும் என்பது 1980களிலிருந்து இந்நாட்டில் உள்ள கொள்கை. மனைவி மன்னித்துவிட்டேன் என்று சொன்னாலும் வழக்கை வாபஸ் பெறும் அதிகாரம் அவர் கையில் இல்லை. அது அரச வழக்கறிஞருக்கு உரியது. அநேகமாக வழக்கு முடியும் வரை கணவன் வீட்டுக்கு வரவும் மனைவியுடன் பேசவும் தடை விதிக்கப்படும்.

இதைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் பொலிஸை அழைக்காமல் இருப்பதே நல்லது” என்று பெண்களுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமாதானம் செய்து செய்து அனுப்பிய பெண் ஒருநாள் உயிரிழந்தால் அந்தப் பழி யார் தலையில்? அடிபடுபவர் அழைக்கட்டும். அழைக்க முடியாதவருக்காக அயலவர் அழைக்கட்டும். குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சுவோர், மானத்தைக் கெடுத்தது ஓங்கிய கை என்பதை உணர வேண்டும்.

பொலிஸ்காரருக்குக் கடமை இருப்பதுபோல நமக்கு உரிமையும் உண்டு, ஒழுங்கும் உண்டு. ஊரில் வாகனத்தை மறித்தால் மரியாதைக்காக இறங்கிப் போய்ப் பேசுவோம். இங்கே அவ்வாறு இறங்கினால் அவர் அதை ஆபத்தாக எண்ணக்கூடும். உள்ளேயே இருந்து, கைகளைச் சுக்கானில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். சாரதிப் பத்திரம், வாகனப் பதிவு, காப்புறுதி மூன்றையும் கேட்டால் காட்டவே வேண்டும். ‘தேத்தண்ணிக் காசு’ கொடுக்கும் எண்ணம் கனவிலும் வேண்டாம். சிறு தண்டப்பணத்தோடு போகவேண்டியது இலஞ்சக் குற்றமாகிவிடும்.

கைது செய்தால் காரணத்தை உடனே சொல்ல வேண்டும். தாமதமின்றி வழக்கறிஞருடன் பேச விட வேண்டும். இவை 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனம் தந்தவை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டாலும் இலவச சட்ட ஆலோசனை உண்டு என்பதைப் பொலிஸே அறிவிக்க வேண்டும். அதுவரை பெயர், விலாசம் கூறிவிட்டு மௌனமாக இருக்கலாம். மௌனம் குற்றமாகாது, பொய் சொல்வதுதான் வினையாகும். விளங்காத மொழியில் எதற்கும் ஆமென்று தலையாட்டாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

இந்நாட்டுப் பொலிஸ் குறையற்றது என்று யாரும் சொல்லவில்லை. 1979இல் ரொறன்ரோவில் அல்பேர்ட் ஜோன்சன் என்ற ஜமேக்காவில் பிறந்த மனிதர் தம் வீட்டிலேயே பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். அதுபோன்ற சம்பவங்களை எதிர்த்துக் கறுப்பின மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளுக்கென 1981இல் ரொறன்ரோவில் தனி அலுவலகம் ஏற்பட்டது. பொலிஸ் நடவடிக்கையால் மரணமோ பாரிய காயமோ நேர்ந்தால் விசாரிக்கும் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 1990இல் வந்தது. இன்று பொதுமக்கள் முறையிட, பொலிஸுக்கு வெளியே தனி முகவர் நிலையம் இருக்கிறது. அவர்கள் நட்ட மரத்தின் நிழலில் நாமும் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

இனி நமது முதியோருக்கு ஓர் எச்சரிக்கை. “உங்கள் பேரன் விபத்தில் மாட்டி மறியலில் இருக்கிறான், பிணைப் பணம் உடனே வேண்டும், ஒருவருக்கும் சொல்லாதீர்கள்” என்று பொலிஸ்காரர்போல் தொலைபேசியில் பேசிப் பணம் பறிக்கும் கூட்டம் உண்டு. எந்தப் பொலிஸ்காரரும் தொலைபேசியில் பிணைப் பணம் கேட்கமாட்டார். பணம் வாங்க வீட்டுக்கு ஆளும் அனுப்பமாட்டார். தொலைபேசியை வைத்துவிட்டுப் பேரனையோ மகளையோ அழையுங்கள்.

உயிருக்கு ஆபத்து, நடந்துகொண்டிருக்கும் களவு, தீ, இவற்றுக்கு 911. ஆங்கிலம் வராவிட்டால் ‘டமில்’ என்ற ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தவறி அழைத்துவிட்டால் வைத்துவிடாதீர்கள். தவறு என்று சொல்லுங்கள். அவசரமற்ற விடயங்களுக்கு ரொறன்ரோவில் 416-808-2222, மாகாணப் பொலிஸுக்கு 1-888-310-1122.

பொலிஸ் வேலை நமது பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்ற எண்ணமும் மாற வேண்டும். வைத்தியரும் எஞ்சினியரும் கணக்காளரும் மட்டுமே உத்தியோகம் என்று எவ்வளவு காலம் இருப்பது? 1990இல் தலைப்பாகையுடன் அரச கனேடிய குதிரைப் பொலிஸில் சேரும் உரிமையைப் பல்தேஜ் சிங் தில்லன் பெற்றார். இலங்கையில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்த நிஷான் துரையப்பா, ஹால்டன் பொலிஸில் சேர்ந்து துணைத் தலைவராக உயர்ந்து, 2019இல் பீல் பிராந்தியப் பொலிஸின் தலைவராக நியமிக்கப்பட்டார். வீட்டு வாசலில் நிற்கும் கொன்ஸ்டபிள் “அம்மா, பயப்படாதேங்கோ” என்று தமிழில் சொன்னால் நமது மூத்தோரின் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்துவிடும். அப்படிச் சொல்லக்கூடிய பிள்ளை நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

சிறு பட்டினங்களில் வாழும் அங்கத்தவர்கள், துன்பம் வருமுன் ஒரு நாள் ஓய்வாக உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தம்மை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். மேலே தந்த இலக்கங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிலுள்ள மூத்தோரின் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள்.