தாயுமானவன் என்றொரு பாராட்டு

குழந்தையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பும் ஆணைப் பாராட்டத் தமிழில் ஒரே ஒரு சொல்தான் கைவசம் இருக்கிறது: 'தாயுமானவன்'. ஜூன் மாதம் தந்தையர் தினம் வந்தால் வியாபாரப் பத்திரிகைகள் இச்சொல்லை இறைத்துத் தீர்க்கின்றன. இது பாராட்டே அல்ல. தகப்பன் என்ற ஸ்தானத்திலிருந்து அவனை வெளியேற்றும் உத்தரவு என்பது என் கட்சி. காரியம் தாயுடையது, நீ சற்று நேரம் அவளிடத்தில் நிற்கிறாய் என்பதுதான் இதன் அர்த்தம்.

திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணத்தையே பாருங்கள். காவிரியில் வெள்ளம், மகளின் பிரசவத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் நிற்கிறாள். சிவன் அவள் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறான். வெள்ளம் வடிந்து அசல் தாய் வந்ததும் மறைந்துவிடுகிறான். மாமியார் ஊரிலிருந்து வந்திறங்கிய மறுகணம் தொட்டிலை விட்டுக் காணாமல் போகும் நம் ஆண்களுக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடையாது.

கவிதையிலும் இதே கதி. கண்ணனைத் தாலாட்டவும் நீராட்டவும் பெரியாழ்வார் யசோதையாக வேண்டியிருந்தது. குலசேகராழ்வார் தசரதனாகவே பேசினார், ஆனால் பிள்ளை காட்டுக்குப் போன பிறகு புலம்புவதற்கு. இழவில்தான் தகப்பனுக்குக் குரல் கிடைக்கிறது. நம் புதுக்கவிதைக்காரர்களுக்கும் அப்பா செத்தால்தான் கவிதை வருகிறது: சாய்வு நாற்காலி, மூக்குக்கண்ணாடி, சாம்பல். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' விதிவிலக்கு. சிறுவனை ரயிலில் அழைத்து வரும் அப்பா, எந்த வேஷமும் இல்லாமல், அப்பாவாகவே இருந்து பிள்ளையைக் கவனிக்கிறார். ஆனால் அதுவும் ஒரு பிரயாணம்தான், அடுப்படி அல்ல.

சட்டம் இன்னும் வெளிப்படையானது. 1956ஆம் வருஷச் சட்டம் இந்துக் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவனுக்குப் பிறகு தாய் என்றது. மகன் பேரில் பத்திரம் வாங்க 1984இல் விண்ணப்பித்த நாவலாசிரியை கீதா ஹரிஹரனிடம் ரிசர்வ் வங்கி தகப்பனின் கையெழுத்தைக் கேட்டது. தகப்பன் உயிரோடிருக்கும்போதே தாயும் காப்பாளராக முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆயிற்று. மறுபக்கம், மத்திய அரசில் தாய்க்கு 180 நாள் விடுப்பு, தகப்பனுக்கு 15. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற 2017ஆம் வருஷத் திருத்தம், நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதித்தது, பெண்ணை மட்டும். கையெழுத்து அவனுக்கு, பீத்துணி அவளுக்கு.

நான் இருக்கும் தாம்பரத்தை ஆபீஸ் போகும் அப்பாக்களின் ஊராக ஆக்கியது 1931இல் வந்த மின்சார ரயில். பிள்ளை விழிக்குமுன் கிளம்பி, அது தூங்கியபின் திரும்புகிற ஜன்மங்கள். ஆனால் 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது; ஷிப்ட் வேலைக்குப் பெண்கள் போனார்கள். எங்கள் தெருவில் ஒருவர், மனைவி விடியலில் வேலைக்குப் போனபின், வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுகிறார். வகிடு நேராக வரும்வரை மறுபடி மறுபடி சீவுகிறார். தெரு அவரைப் பெண்டாட்டிதாசன் என்கிறது. அவர் தன்னை ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. சீப்பை வாயில் கவ்வியிருப்பதால் சொல்லவும் முடியாது.

நம் சங்கதிக்கு வருகிறேன். நம் கூட்டங்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்குத் தொடங்கி, எட்டு மணிக்கு மேல் டீக்கடையில் முடிகின்றன. அந்நேரம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு யார் சோறு ஊட்டினார்கள் என்று அந்நியமாதல் பற்றிப் பேசிய ஒருவரும் கேட்டதில்லை. சென்ற முறை ஒரு கவிஞர் வரவில்லை, மகளுக்கு ஜுரம். "தாயுமானவர் ஆயிட்டாரு" என்றார் ஒருவர். பலமான சிரிப்பு. அடுத்த கூட்டத்துக்கு அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அவள் அழுதால் கட்டுரை வாசிப்பு நிற்கட்டும். நம் கட்டுரைகளில் பாதி, நடுவில் நின்றுபோனால் தேவலை.