ஒரு நாள் கூத்துக்கு லட்ச ரூபாய் லென்ஸா?

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கையில் காமிராவுடன் வளைய வருகிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் சால்ட் லேக்கில் நாலைந்து வீடுகளில் ஒரே பேச்சைக் கேட்டேன். "அடுத்த விமான சாகசத்துக்கு 600 மி.மீ. லென்ஸ் வாங்கப் போகிறோம், மாமா" என்கிறார்கள். ஏறக்குறைய லட்ச ரூபாய் சமாசாரம் அது. வேண்டாம் என்பது என் கட்சி. காரணங்களைப் பெற்றோரும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

விமானப்படை நாள் சாகசம் பல ஆண்டுகள் டில்லியை அடுத்த ஹிண்டனில் நடந்தது. பிறகு 2022-இல் சண்டிகர், 2023-இல் பிரயாக்ராஜ், 2024 அக்டோபர் 6 அன்று நம் சென்னை மெரினா என்று ஊர் ஊராகப் போயிற்று. பூஜையை ஒட்டி ஊருக்குப் போயிருந்த நானும் அன்று மணலில் நின்றேன். என் கையில் இருந்தது 70-300 லென்ஸ்தான்.

கணக்கைப் பார்ப்போம். தேஜஸ் விமானத்தின் நீளம் சுமார் 13 மீட்டர். அது ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறந்தால், 300 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 4 மி.மீ. விழும். சாதாரண காமிராவின் சென்சார் அகலம் சுமார் 24 மி.மீ. ஆக, படத்தில் ஆறில் ஒரு பங்கு. 600 என்றால் மூன்றில் ஒரு பங்கு. பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே தூரத்தில் 600-க்குள் அடங்கும் வானத்தின் அகலம் வெறும் 40 மீட்டர். மணிக்கு 720 கிலோமீட்டரில் போகும் விமானம் அதை ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். பழகாத கைக்குக் கிடைப்பது வெறும் நீல வானம்!

சூர்யகிரண் குழுவுக்கு ஒன்பது ஹாக் விமானங்கள். இறக்கையோடு இறக்கை ஒட்டி நிறுத்தினாலும் அந்த 40 மீட்டரில் நாலுதான் கொள்ளும். அவை விரிந்து, பிரிந்து, புகைக்கோலம் போடும்போது 70 மி.மீ.கூடப் போதாமல் போகும். இன்னொன்று, நடுப்பகலில் சூடான மணலுக்கு மேல் காற்று நெளியும். லென்ஸ் நீள நீள அந்த நெளிவும் பெரிதாகத் தெரியும். அதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்து கிடையாது.

எனவே 70-300 போதும். வசதி இருந்தால் 100-400. அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்கள் இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

இனி கையாளும் விதம். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் தாங்க வேண்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கால்களைச் சற்று அகற்றி ஊன்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். கையை மட்டும் ஆட்டினால் படம் கலங்கும். ஃபோகஸ், நகரும் பொருளைத் தொடரும் முறையில் இருக்கட்டும். ஜெட் விமானத்துக்கு 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகம். ஆனால் சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டருக்கு 1/250-க்கு மேல் போகாதீர்கள். போனால் சுழலி அப்படியே உறைந்து, ஹெலிகாப்டர் கயிற்றில் தொங்கும் பொம்மை போல இருக்கும்.

மெரினாவில் நாம் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறோம். முற்பகலில் சூரியன் எதிர்ப்பக்கம். விமானத்தின் அடிவயிறு கறுத்துப் போகும். காமிரா காட்டும் அளவைவிட முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டி வையுங்கள். விமானத்தைத் தொடரும் ஆவலில் லென்ஸைச் சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். கண்ணுக்கு ஆபத்து.

சித்திரமும் கைப்பழக்கம் என்றார்கள். அந்தப் பழக்கத்துக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. சால்ட் லேக் வானத்தில் பருந்துகளுக்குப் பஞ்சமா? காலையில் மாடியில் நின்று, வட்டமிடும் பருந்தை நூறு முறை தொடர்ந்து பாருங்கள். சென்ட்ரல் பார்க் ஏரிப் பக்கம் நீர்க்காகம் நேர்கோட்டில் பறக்கும், அதையும் பிடியுங்கள். டம்டமில் இறங்க வரும் விமானங்களும் நம் தலைக்கு மேல்தான் போகின்றன. வீட்டு மாடியிலிருந்து கண்ணால் தொடர்ந்து பழகலாம். விமான நிலைய வேலிப் பக்கம் மட்டும் காமிராவோடு போகாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கொல்கத்தா மழைக்காலத்து ஈரக்காற்று லென்ஸுக்கு எமன். ஒரு நாள் எடுத்துவிட்டு, தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டினால், ஆடி ஆவணிக்குள் கண்ணாடியில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பா, அதில் சிலிக்கா ஜெல், வாரம் ஒரு முறை வெளியே எடுத்து உபயோகிப்பது, இவ்வளவும் வேண்டும். தினமும் புழங்காத பொருளுக்கு இந்தச் சேவகம் எத்தனை நாள் நடக்கும்?

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல 100-400 வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். லென்ஸும் சும்மா கிடக்காது, பிள்ளைகளும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பார்க்கில் கூடினால், பாட்டி தாத்தாக்களுக்கும் ஒரு நடை ஆயிற்று.

கடைசியாக, லென்ஸைவிட முக்கியமான ஒன்று. மெரினாவில் அன்று கூடிய கூட்டம் பதினைந்து லட்சம் என்று பத்திரிகைகள் எழுதின. காலை 11 முதல் பகல் 1 மணி வரை உச்சிவெயில். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு தண்ணீருக்கும் ரயிலுக்கும் மக்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். இரண்டு கிலோ லென்ஸைச் சுமக்கத் தயாராக இருக்கும் பிள்ளை, அதற்குப் பதில் இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுமக்கட்டும். குடையும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கட்டும். நீங்கள் எடுத்து வரும் படங்களை மாலையில் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.