அமெரிக்காவில் டிப்ஸ்... எங்கே, எவ்வளவு, எப்படி?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி ஹோட்டல் பில்லில்தான் வரும். 80 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளை அதற்கு மேல் 16 டாலர் டிப்ஸ் எழுதுவதைப் பார்த்ததும் மனசு உடனே ரூபாய்க் கணக்குப் போடும். 'டிப்ஸே ஆயிரம் ரூபாய்க்கு மேலயா? நம்ம ஊரில் இருபது ரூபாய் வைத்தாலே பெரிய விஷயமாச்சே!'

நம் ஊரில் டிப்ஸ் என்பது சம்பளத்துக்கு மேல் மனசு குளிர்ந்து கொடுப்பது. அங்கே சர்வரின் சம்பளத்தில் ஒரு பகுதியே சாப்பிட வருபவர் கையில் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து இந்தத் தொகை ஏறவே இல்லை. மீதி டிப்ஸில் வர வேண்டும். வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிஃபோர்னியா, நெவாடா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியும் உண்டு. ஆனாலும் டிப்ஸ் வழக்கம் அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது.

பல உணவகங்களில் சர்வர் தன் டிப்ஸிலிருந்து மேஜை துடைப்பவருக்கும் பானம் கலக்குபவருக்கும் பங்கு தர வேண்டும். விற்பனைத் தொகையை வைத்து அந்தப் பங்கைக் கணக்கிடும் இடங்களும் உண்டு. அங்கே ஒரு குடும்பம் டிப்ஸ் வைக்காமல் எழுந்துபோனால், அடுத்த மேஜையில் கிடைத்ததிலிருந்து அவர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்!

உணவகத்தில்...

* மேஜைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவிகிதம். வரி சேர்ப்பதற்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும். சுலப வழி: 80 டாலரில் பத்தில் ஒரு பங்கு 8; அதை இரண்டால் பெருக்கினால் 16.

* ஆறு பேருக்கு மேல் போனால் பில்லை நன்றாகப் பாருங்கள். 'கிராஜுயிட்டி' என்று ஏற்கெனவே சேர்த்திருந்தால் மறுபடி வைக்க வேண்டாம்.

* கார்டில் கட்டினால் ரசீதில் டிப்ஸையும் மொத்தத் தொகையையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

* கவுன்டரில் காபி வாங்கும்போது திரையில் 18, 20, 25 என்று வரும். அங்கே கட்டாயம் இல்லை. கூச்சப்படாமல் 'நோ டிப்' அழுத்தலாம்.

* சமையலறையில் தாமதம் என்றால் அது சர்வரின் தப்பு அல்ல. உண்மையிலேயே மரியாதைக் குறைவு நடந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

லாஸ் வேகாஸில்...

கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்கள் பலரும் லாஸ் வேகாஸில் தங்குவார்கள். அங்கே பெரிய ஹோட்டல்கள் பலவற்றிலும் கீழ்த்தளத்திலேயே கேசினோ இருக்கும். 21 வயதுக்கு மேற்பட்டவர்களே ஆடலாம்.

சீட்டு போடும் டீலருக்கு டிப்ஸ் கொடுக்க நினைத்தால் கையில் திணிக்கக் கூடாது. மேலே இருக்கும் கேமராவுக்கு அவர் கை எப்போதும் தெரிய வேண்டும். மேஜையை விட்டு விலகும்போதுகூட உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவார். அதனால் சிப் வில்லையை மேஜைமேல் வைத்து, 'ஃபார் த டீலர்' என்று சொன்னால் போதும். பல கேசினோக்களில் அந்தப் பணம் பொதுவில் சேர்ந்து, டீலர்கள் எல்லோருக்கும் பிரிக்கப்படும்.

ஆடுபவர்களுக்குப் பானம் இலவசம்தான். கொண்டுவரும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். காரை எடுத்துக் கொடுப்பவருக்கு 2 முதல் 5 டாலர்.

அறையைச் சுத்தம் செய்பவரைப் பலரும் மறந்துவிடுவார்கள். அவருக்கும் ஒரு நாளைக்கு 2 முதல் 5 டாலர் வைக்கலாம். கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காதீர்கள். தினமும் வேறு ஆள் வரக்கூடும். நேற்று போர்வை மாற்றியவருக்கு இன்று வைக்கும் பணம் போய்ச் சேராது!

செலவு கட்டுப்படியாகுமா என்று பயந்தால் ஒரே வழி: மெனுவைப் பார்க்கும்போதே விலையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதிகம் என்று தோன்றினால் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைக்கும் போகலாம். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சம் பிடிக்கும் இடமாக சர்வரின் கூலியை மட்டும் ஆக்கிவிட வேண்டாம்.