கனம் கூடினால் பலம் கூடாது



பேரனின் மாதிரி விமானம் விழுந்து வால்பக்கம் விரிசல் விட்டது. "கெட்டியாப் போடுங்க தாத்தா" என்றான். கடையில் கிடைத்த 3 மி.மீ. பிளைவுட்டை ஒட்டினேன். வால் கனத்தது, ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைத்தோம். மறுபடி விழுந்தபோது ஒட்டு அசையவில்லை, அதன் விளிம்போரம் பால்சா கட்டைதான் முறிந்தது.

தவறு என்னுடையது. பழைய பலகையை முதலில் அளந்திருக்க வேண்டும். வெர்னியரில் வைத்தால் 0.8 மி.மீ., அதாவது 1/32 அங்குலம். அதே கனத்தில் பிர்ச் பிளைவுட் போதும். 6 மி.மீ. எல்லாம் எஞ்சினைத் தாங்கும் முன்பலகைக்கு.

என் கருத்து இதுதான்: ஒட்டு, சுற்றியிருப்பதோடு சேர்ந்து வளைய வேண்டும். வெர்னியர் பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்த பிள்ளைகளே, இப்போதாவது வாங்கி வையுங்கள்.