சிக்னல் பலம், குரல் மெலிவு

2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கியது. அத்தகைய நேரத்தில் கைப்பேசிச் சேவை முடங்கினால் கைகொடுப்பது அமெச்சூர் வானொலி ரிப்பீட்டர். வீட்டில் செய்த ரிப்பீட்டரில் சிக்னல் பலமாக இருந்தும் குரல் முனகலாக வருகிறதா?

உடனே டிரான்ஸ்மிட்டரைத் திருகாதீர்கள். முதலில் ரிசீவரில் ஸ்பீக்கரை இணைத்துக் கேளுங்கள். அங்கே குரல் தெளிவாக இருந்தால், கண்ட்ரோலருக்குள் போகும் ஒலியையும் வெளிவரும் ஒலியையும் அளந்து பாருங்கள். எங்கே குறைகிறதோ, அங்கேதான் கோளாறு: காய்ந்துபோன கெப்பாசிட்டர், சரியாகப் பற்றாத சால்டர், இறங்கிப்போன வால்யூம்.

எல்லாம் சரியென்றால் டிவியேஷனைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் 2.5 கிலோஹெர்ட்ஸிலும், கேட்பவர் ரேடியோ 5 கிலோஹெர்ட்ஸுக்கும் இருந்தால் ஒலி பாதியாகத்தான் கேட்கும்.

அடைமழைக்கு முன்பே சோதித்து வையுங்கள். ஆபத்தில் அழைப்பவர் சொல்லும் இடத்தின் பெயர் தெளிவாகக் கேட்க வேண்டுமல்லவா?