காத்திருப்பது குற்றமா?

சீரங்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுவது புதிதல்ல: "பையனுக்கு விசா முடியப் போவுது. மறுபடி அப்ளை பண்ணிட்டான். முடிவு வர்ற வரைக்கும் அங்கேயே வேலை பார்க்கலாமாம், பயமில்லை."

உண்மைதான், பயமில்லை. பிரிட்டனில் விசா காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். 1971ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அதைச் சொல்கிறது. கனடாவிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் இடைக்காலத்துக்கென்றே 'பிரிட்ஜிங் விசா' தருகிறார்கள். அமெரிக்காவில் எச்1பி நீட்டிப்புக்கு உரிய காலத்தில் மனு போட்டவர், பழைய கெடு முடிந்த பிறகும் 240 நாட்கள் வரை அதே நிறுவனத்தில் வேலை செய்யலாம். மனுவைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு மனு போட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதே நாடுகள் படகில் வரும் அகதியை எப்படி நடத்துகின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றுக்கு நற்சான்று வழங்குவது நம் நோக்கமல்ல. ஆனால் அந்த அடிப்படை சரியானது.

சீரங்கத்தில் இருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கும் மக்கள் காத்திருக்கிறார்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அல்ல. தலைமுறைக் கணக்கில்.

1983க்குப் பிறகு வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் என்று தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே திருமணம் செய்தவர்கள் அவர்களில் ஏராளம். ஆனால் வாக்குரிமை இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. அரசு வேலை இல்லை. வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் கியூ பிரிவு காவல்துறையின் கண்காணிப்பிலும்தான் வாழ்க்கை.

ஏன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று கேட்கலாம். பொறி அங்கேதான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைச் சட்டம், உரிய ஆவணமின்றி வந்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அப்படி முத்திரை குத்தப்பட்டவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ குடிமகனாக முடியாது. குண்டுக்குத் தப்பி இரவில் படகேறியவரிடம் விசா எங்கே என்று கேட்கிறது சட்டம். இல்லை என்றால் விண்ணப்பிக்கவே தகுதியில்லை என்கிறது.

2019இல் இந்தப் பொறியை ஒன்றிய அரசு சிலருக்கு மட்டும் திறந்துவிட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 முடிவதற்குள் வந்த ஆறு மதத்தவருக்கு முத்திரை நீக்கப்பட்டது. 11 ஆண்டுக் காத்திருப்பு 5 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. இஸ்லாமியருக்கு இடமில்லை. ஈழத் தமிழருக்கும் இடமில்லை. இந்துக்களுக்காகவே சட்டம் என்று முழங்கியவர்களின் கண்ணில், முகாமில் இருக்கும் இந்துத் தமிழர் இந்துவாகத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? முகாம்வாசிகளில் ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள். வெள்ளையர் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பகுதிகளில் இருந்து கண்காணிகளால் கூட்டிச் செல்லப்பட்டு, கண்டிச் சீமையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் எலும்பு தேய உழைத்தவர்களின் வாரிசுகள். அவர்களில் பெரும்பான்மையினர் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட சாதியினர். சொந்த ஊரில் நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை என்பதால் கடல் கடந்தவர்கள்.

அந்த மக்களுக்கு மனு போடுவது புதிதல்ல. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு ஒரு சட்டம் போட்டு, ஆதாரங்களுடன் விண்ணப்பியுங்கள் என்றார்கள். சுமார் எட்டு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். சுமார் 1.35 லட்சம் பேருக்கே கிடைத்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1982இல் ஒப்பந்தம் காலாவதி என்று இந்தியா அறிவித்தபோது, இந்தியக் குடியுரிமை கேட்ட சுமார் 86 ஆயிரம் பேரின் மனுக்கள் கிடப்பில் இருந்தன. மறு ஆண்டே கருப்பு ஜூலை. பதில் வராத மனுவோடு படகேறி வந்தவர்களையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்று அழைப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை உணர்ந்தது. முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் மனுக்களை மாவட்ட ஆட்சியர் வாங்கி அனுப்ப வேண்டும், ஒன்றிய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றது. 16 வாரங்கள் கடந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. முகாம்கள் அப்படியே இருக்கின்றன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கொட்டப்பட்டு முகாமில் இருந்து ஒரு பெண் வாக்களித்தார். அவர் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தெளிவான உரிமைக்கே அவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது ஆவணமின்மைக்காக வழக்கு பாயாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும் உரிமை தருகிறோம் என்பதும் ஒன்றல்ல.

ஒன்றிய அரசை மட்டும் சாடிவிட்டு நாம் கடந்துவிடவும் முடியாது. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தர முன்வந்தது. நல்ல செயல். அதே அரசின் கையில்தான் திருச்சி மத்திய சிறை வளாகத்துச் 'சிறப்பு முகாம்' இருக்கிறது. பிணை பெற்றவரையும் தண்டனை முடித்தவரையும் கூட, நாட்டைவிட்டு அனுப்பும்வரை என்று சொல்லி அடைத்து வைக்கும் இடம் அது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார். தாயைப் பார்க்க வேண்டும் என்று பதினைந்து மாதங்கள் காத்திருந்தார். இலங்கைக்கு அனுப்பும் ஆணை வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். ஊர் போய்ச் சேர்ந்தது உடல்தான்.

2025 மே மாதம், சிறைத் தண்டனை முடித்தும் வெளியே வர முடியாத ஓர் ஈழத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்றது. அன்று சத்திரம் பேருந்து நிலையத்தில் சீரங்கம் பேருந்துக்கு நின்றவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்தார்களோ தெரியாது. நமக்குப் பெரியார்தான் நினைவுக்கு வந்தார். இளவயதில் காசிக்குப் போன அவர், பசியோடு ஒரு சத்திரத்து வாசலில் நின்றார். கட்டியவர் பார்ப்பனரல்லாத வணிகர். சோறு பார்ப்பனருக்கு மட்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்ட அந்த இளைஞன்தான் இன்று சீரங்கம் ராஜகோபுரத்துக்கு அருகே சிலையாக உட்கார்ந்திருக்கிறார். சத்திரம் யாருடைய உழைப்பில் கட்டப்பட்டது, யாருக்குக் கதவு திறக்கிறது என்பதுதான் அன்றும் கேள்வி, இன்றும் கேள்வி.

முகாம் மக்கள் சத்திரத்துச் சோறு கேட்கவில்லை. மூன்று கோரிக்கைகள்தான். ஒன்று, பதிவு செய்த அகதிகளைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையில் இருந்து நீக்கு. இரண்டு, விண்ணப்பித்தவருக்கு முடிவு வரும்வரை வேலை, படிப்பு, பயணம், வீடு வாங்கல் ஆகியவற்றுக்கு உரிமை தரும் இடைக்கால அனுமதி கொடு. மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு நீண்டகால விசாவில் இத்தகைய வசதிகளை 2016இலேயே இதே ஒன்றிய அரசு அறிவித்ததுதானே! மூன்று, சிறப்பு முகாமை மூடு.

லண்டனில் இருக்கும் மகனின் மனு நிலுவையில் இருக்கும்போது நிம்மதியாகத் தூங்கும் தாய்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. அம்மா, அந்தத் தூக்கம் உங்கள் உரிமை. கொட்டப்பட்டில் இருக்கும் தாய்க்கும் அது உரிமை.