பாவு பிணைக்கும் நாட்கள்

‘ஒரு சட்டகம் தெரிந்தவனுக்கு மற்றவை ஒரு வாரம்’ என்பது மென்பொருள் உலகில் கேட்பாரின்றி உலவும் பொய். 2013இல் ரியாக்ட் வெளியானது. ஃப்ளட்டரின் முதற்பதிப்பு 2018 டிசம்பரில், ஸ்விஃப்ட்யுஐ 2019இல், ஜெட்பேக் கம்போஸின் முதற்பதிப்பு 2021 ஜூலையில். நான்கின் கொள்கையும் ஒன்றே: திரை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மட்டும் நிரலாளர் எழுதினால் போதும், தகவல் மாறும்போது மாற்றி வரைவதைச் சட்டகம் பார்த்துக்கொள்ளும். கொள்கை ஒன்றானால் கைப்பழக்கமும் ஒன்றாகிவிடுமா?

அருப்புக்கோட்டையில் தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். புதுப் பாவு ஏற்றும்போது அதன் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதுவரை தறி நிற்கும். கூலியோ நெய்த துணிக்குத்தான். ஆயினும் பாவு பிணைப்பது வேலையே அல்ல என்று எங்கள் தெருவில் எவரும் சொன்னதில்லை. எங்கள் மேலாளர்கள் சொல்கிறார்கள்.

ஃப்ளட்டரில் மூன்றாண்டு எழுதிவிட்டுக் கம்போஸுக்கு மாறினேன். முதல் படிவம் நன்றாகவே ஓடியது. கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பியதும் தட்டச்சிட்டதெல்லாம் மறைந்தது. ஃப்ளட்டர் செயலி, திரை திரும்புவதைத் தானே சமாளிக்கும்படி அமைந்தே வருகிறது. கம்போஸிலோ, நாம் வேறு ஏற்பாடு செய்யாவிடில், ஆண்ட்ராய்டு அந்தத் திரையையே அழித்து மீண்டும் தோற்றுவிக்கும். ‘ரிமெம்பர்’ என்று எழுதி வைத்தவை அதோடு போகும். ‘ரிமெம்பர்சேவபிள்’ என்று எழுதியிருக்க வேண்டும். (நினைவில் வை என்றால் போதாது, மறக்காமல் நினைவில் வை என்று சொல்ல வேண்டுமாம்!)

இன்னொன்று. ஃப்ளட்டரின் கன்டெய்னரில் நிறத்தை முதலில் குறித்தாலும் உள்ளிடைவெளியை முதலில் குறித்தாலும் விளைவு ஒன்றே. கம்போஸில் வரிசை மாறினால் தோற்றமே மாறும்: நிறத்துக்கு முன் எழுதிய இடைவெளி நிறமின்றி வெளியே நிற்கும்.

இவற்றுள் எதையும் தொகுப்பி பிழையென்று காட்டுவதில்லை. புதியவர் ஐயப்பட்டு ஆவணத்தைப் புரட்டுவார்; அனுபவம் உள்ளவரின் கையோ ஐயமின்றித் தவறான இடத்துக்குப் போகும். மாறுவதன் முழுத் துன்பமும் இதில்தான் இருக்கிறது. ‘உனக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்ற ஏளனம் வேறு.

இதன் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து பேருந்தேறிப் போய்ப் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாக நிரல் எழுத வந்தவர்களுடன் பணிபுரிந்திருக்கிறேன். ஆங்கில ஆவணத்தை இருமுறை படிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் ஆண்டு மதிப்பீட்டில் ‘வேகம் குறைவு’ என்று பதிவாகிறது. சட்டகத்தை மாற்றத் தீர்மானித்தவரின் மதிப்பீட்டில் ‘தொலைநோக்கு’ என்று.

திட்ட அட்டவணையில் மாற்றத்துக்கெனத் தனி வரி வேண்டும், அதற்குரிய நாட்களோடு. ஒரு வாரம் போதும் என்பவர்கள் முதலில் அந்த ஒரு வாரத்தையாவது தரட்டும். எனக்கு அதையும் யாரும் தந்ததில்லை.